நியூசிலாந்தின் 'நூறு விழுக்காடு தூய்மை'யை ஆராய எண்ணூரிலிருந்து புறப்படலாமா?

எண்ணூர்க்காரி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே படித்து மட்டும் வந்த நான், முதன்முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் ஒன்றில் இருக்கிறது. அப்பா கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர். நான் புவியியலில் முதுகலை முடித்துவிட்டேன். ஒரு நாடு தன்னைச் சுற்றுலாப் பயணிகளுக்கு எப்படிக் காட்டிக்கொள்கிறது, அந்தப் பிம்பத்துக்கும் அங்குள்ள நீர், நிலம், கரை ஆகியவற்றின் உண்மை நிலைக்கும் உள்ள உறவு என்ன என்பதை அந்நாட்டிலேயே தங்கிப் படித்து ஆராய வேண்டும் என்பது என் விருப்பம். நான் மனத்தில் வைத்திருக்கும் நாடு நியூசிலாந்து.

ஏன் நியூசிலாந்து என்று வீட்டிலும் கேட்டார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளிக் கைமாற்றிய வரிசையில் என் அண்ணனும் நின்றார். முதுகலை இரண்டாம் ஆண்டில், 2011 அக்டோபர் 5 அன்று நியூசிலாந்தின் டௌரங்கா அருகே ரீனா என்ற சரக்குக் கப்பல் பாறைத்திட்டில் ஏறி, ஏறத்தாழ 350 டன் கனரக எண்ணெய் கடலில் கலந்ததைப் படித்தேன். அங்கும் கரையைத் துடைத்தவர்கள் ஊர்மக்களே. சுமார் 8,000 தன்னார்வலர்கள் பதிவு செய்துகொண்டு வேலை செய்தார்கள். அந்தக் கடற்கரைக்குப் பயணிகள் திரும்பி வந்தார்கள். எங்கள் கரைக்கு முன்பும் யாரும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. நான் பார்த்த சென்னைச் சுற்றுலா விளம்பரத் தாள்கள் எல்லாம் மெரினாவில் தொடங்கி மாமல்லபுரத்தை நோக்கித் தெற்கே போகின்றனவே தவிர, பாரிமுனையைத் தாண்டி வடக்கே திரும்புவதில்லை.

இரண்டு கரைகளிலும் ஒரே எண்ணெய்தான் ஒதுங்கியது. ஒரு கரைக்குக் காப்பாற்ற ஒரு பிம்பம் இருந்தது, மற்றதற்கு இல்லை என்பதுதான் வேறுபாடா என்று அறிய விரும்புகிறேன். இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது பொருத்தமாகுமா? போவதென்றால் எந்தப் படிப்பு, எந்த வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ராயபுரம் பூகோள வாத்தியார்:

வாழ்த்துகள், அம்மா. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

உன் கேள்வி மனத்தைத் தொடுகிறது. ஆனால் ஆய்வுக் கேள்வியாக இன்னும் அது கனியவில்லை. 'பிம்பம்' என்ற சொல்லை நீ ஒரே பொருளில் எடுத்துக்கொள்கிறாய். கிளேர் கன் என்பவர் 1972-லேயே அதை இரண்டாகப் பிரித்துவிட்டார். பாடப்புத்தகம், செய்தி, உறவினர் பேச்சு ஆகியவற்றால் தானாக முளைக்கும் பிம்பம் ஒன்று. சுற்றுலாத் துறை காசு செலவழித்து ஊன்றும் பிம்பம் மற்றொன்று. நியூசிலாந்து 1999-இல் தொடங்கிய 'நூறு விழுக்காடு தூய நியூசிலாந்து' என்ற விளம்பரம் இரண்டாம் வகை. நம் வடசென்னையைப் பற்றி வெளியார் மனத்தில் உள்ள கத்தி, கஞ்சா, குத்துச்சண்டை என்ற படம் முதல் வகை. அதைத் திரைப்படங்கள் நம்மைக் கேட்காமலே வளர்த்துவிட்டன. 1856-இல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் எங்கள் தெருமுனையில் நிற்கிறது. அதைப் பார்க்க வருபவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். (பழைய வருத்தம், இடையில் வந்துவிட்டது; பொறுத்துக்கொள்.)

ஆகவே முதலில் ஒன்றை முடிவு செய். பயணிகளின் மனத்திலுள்ள பிம்பத்தை அளக்கப் போகிறாயா, விளம்பரம் செய்பவர்களின் பிம்பத்தையா, அல்லது அங்கேயே வாழ்பவர்கள் தம் ஊரைப் பற்றி வைத்திருக்கும் படத்தையா? மூன்றையும் ஒரே ஆய்வில் அடக்க முனைந்தால் எதுவும் கைக்கு வராது. டாக்சி என்பவர் 1975-இல் சொன்ன எரிச்சல் அளவுகோலையும் படித்துப் பார். பயணிகளை முதலில் மகிழ்ச்சியோடு வரவேற்கும் ஊர், பிறகு அவர்களைக் கண்டுகொள்ளாமல் இருந்து, பிறகு எரிச்சலடைந்து, கடைசியில் பகைக்கும் என்பது அதன் சாரம். எல்லா ஊரும் அந்த வரிசையில் போவதில்லை என்று பின்னால் பலர் மறுத்திருக்கிறார்கள்; மறுப்பையும் சேர்த்தே படி.

காசிமேடு விசைப்படகு:

தங்கச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்தபோது நம்மவர்களின் ஃபைபர் படகுகளும் வலைகளும் கருப்பாகக் கிடந்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா நெடி தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் என் அக்கா குடும்பமும் உண்டு. ஆராய வேண்டியது எல்லாம் இங்கேயே குவிந்து கிடக்கும்போது, பசும்புல்லும் பனிமலையும் உள்ள நாட்டில் போய் என்ன அழுக்கைத் தேடப் போகிறாய்? படித்துவிட்டு அங்கேயே தங்கிவிடுவாய் என்பதுதான் என் அனுமானம். அதில் தவறில்லை, ஆனால் எண்ணூரின் பெயரைச் சொல்லிப் போக வேண்டாம்.

டனீடினில் ஒரு தண்டையார்பேட்டைக்காரன்:

காசிமேட்டு அண்ணனின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். நியூசிலாந்தின் தென்தீவில் டனீடின் நகரில் ஆறு ஆண்டுகளாக வாழ்கிறேன். இங்குள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவுக்கெனத் தனித்துறையே இருக்கிறது. நான் படித்தது வேறு துறை. என் அறைத்தோழர் அத்துறை மாணவர் என்பதால் பாதி வகுப்பு எனக்கும் நடந்தது.

இங்கே அழுக்கு கண்ணுக்குத் தெரியாது, அண்ணா. அதுதான் ஆராய வேண்டிய சங்கதி. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் சாம்பலாகவே தெரியும். இங்கே கான்டர்பரி சமவெளியின் பச்சைதான் சிக்கலே. 1990-இல் சுமார் 34 லட்சமாக இருந்த கறவை இன மாடுகள் 2014-இல் ஏறத்தாழ 67 லட்சம் ஆயின. அவற்றின் சிறுநீரிலிருந்தும் உரத்திலிருந்தும் நைட்ரேட் நிலத்தடி நீருக்கும் ஆறுகளுக்கும் இறங்குகிறது. விளம்பரப் படத்துக்கு அந்தப் புல்வெளி அழகான பின்னணி. நீரியல் படித்தவர் கண்ணுக்கு அதுவே மாசின் வரைபடம். 2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த் என்ற, ஏறத்தாழ 14,000 பேர் வாழும் ஊரில் குழாய்த் தண்ணீர் குடித்து 5,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பெருமழையில் ஆட்டுச் சாணம் கலந்த நீர் குடிநீர்க் கிணறுகளுக்குள் போயிருந்தது. 'தூய' நாட்டில்தான் இது நடந்தது.

2011-இல் அன்றைய பிரதமர் ஜான் கீயை பிபிசி நேர்காணலில், நாடு சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தூய்மையாக இல்லை என்று மாசி பல்கலைக்கழக நன்னீர் அறிவியலாளர் மைக் ஜாய் சொன்னதை வைத்து மடக்கினார்கள். அறிவியலாளர்கள் வழக்கறிஞர்களைப் போன்றவர்கள், வேண்டுமானால் எதிர்க்கருத்துச் சொல்லும் வேறொருவரைக் கொண்டுவர முடியும் என்ற பொருளில் கீ பதில் சொன்னார். அந்தப் பதில் இங்கே இன்றும் பேசப்படுகிறது. விளம்பரச் சொற்றொடர் ஒரு நாட்டின் பிரதமரையே வாக்குமூலம் கொடுக்க வைத்துவிடும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். தூய்மை என்று சொல்லாமலே இருந்திருந்தால் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெகாப்போ ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூக்கள் விரிந்திருக்கும் படத்தை நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். நவம்பர், டிசம்பரில் அதற்காகவே பேருந்து பேருந்தாக வருகிறார்கள். அந்தச் செடி வெளியிலிருந்து வந்த களை. கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆறுகளில் அது மண்டினால், வெறும் கற்பரப்பில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடம் போய்விடும். காக்கி என்ற கருநிற நெடுங்காலுள்ளான் அப்படி இடம் இழந்து வரும் அரிய பறவைகளில் ஒன்று. பயணி படம் எடுப்பது களையை. அவர் வீட்டுக்கு எடுத்துப் போவது 'இயற்கை'. எண்ணூரில் காக்கா ஆழி என்ற அயல்சிப்பி பரவி இறால் படுகையை மூடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வழியைப் பற்றிச் சுருக்கமாக: முதுகலைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் முழுமையாகக் கட்ட வேண்டும், அது கடினம். முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 2006 முதல் உள்நாட்டு மாணவர் கட்டணமே பொருந்தும். முதுகலை ஆய்வேடு ஏற்கெனவே இருப்பதால் நேராக முனைவர் படிப்புக்கு முயல்வதே நல்லது. முதலில் எழுத வேண்டியது விண்ணப்பத்தை அல்ல, நெறியாளர் ஆகக்கூடிய ஒருவருக்கு இரண்டு பக்கக் கடிதத்தை.

எண்ணூர்க்காரி:

தண்டையார்பேட்டை அண்ணனுக்கு மிகுந்த நன்றி. லூபின் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தேன். என் அலைபேசித் திரையிலேயே அந்தப் படம்தான் இருந்தது, மாற்றிவிட்டேன்.

காசிமேடு அண்ணன் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. போனவர்களில் திரும்பாதவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் எண்ணூரைப் பற்றி வெளிநாட்டு மாணவர்கள் வந்து ஆய்வு செய்து, எங்கள் அம்மாக்களிடம் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்பவர் எப்போதும் அங்கிருந்துதான் வர வேண்டுமா? ஒருமுறை இங்கிருந்து போய் அவர்களைக் கேட்டுப் பார்க்கலாமே என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

பழவேற்காடு படகுத்துறை:

பூநாரை பார்க்க வருபவர்களை ஏரிக்கு அழைத்துச் செல்பவர்களில் நானும் ஒருவன். ஆய்வாளர்கள் பேசும்போது விட்டுப்போகும் ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்: பிம்பத்தை நாள்தோறும் கையால் செய்து கொடுப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பத்துக்கு நான் எந்தப் பக்கம் படகைத் திருப்புகிறேன் என்பது தற்செயல் அல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் கதையையும் கல்லறைத் தோட்டத்தின் மண்டையோட்டுச் சிற்பத்தையும் காட்டுவேன். ஏரியின் வாய் மணலால் மூடிக்கொள்வதையும், இறால் குறைந்ததையும், முறை வைத்து வலை விரிக்கும் 'பாடு' என்ற ஏற்பாட்டில் ஊர்களுக்குள் எழும் சண்டையையும் அவர்கள் கேட்டால் மட்டும் சொல்வேன், பெரும்பாலும் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டார். முழுவதையும் சொன்னேன். இறங்கும்போது குழந்தைகளின் முகம் வாடிவிட்டது என்று அவருடைய மகன் பேசிய காசில் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நானும் ஒரு விளம்பரத் துறைதான்.

நியூசிலாந்துக்குப் போனால், படகு ஓட்டுபவர், பேருந்து ஓட்டுபவர், அறை துடைப்பவர் ஆகியோர் எதைக் காட்டாமல் விடுகிறார்கள் என்று கேள், தங்கையே. அமைச்சகத்தின் அறிக்கை எல்லாருக்கும் கிடைக்கும். இது உனக்கு மட்டும் கிடைக்கும்.

மணலி எண்ணாளர்:

படகுத்துறை அண்ணன் சொன்னதை ஆய்வு முறையாக மாற்ற முடியும். எக்ட்னர், ரிச்சி ஆகிய இருவர் 1993-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். தயாரான பட்டியலில் மதிப்பெண் போடச் சொல்வதோடு நிற்காமல், மூன்று திறந்த கேள்விகளையும் கேட்பார்கள்: அந்த இடத்தை நினைத்ததும் மனத்தில் எழும் காட்சிகள் என்ன, அங்கே எப்படிப்பட்ட சூழலை எதிர்பார்க்கிறீர்கள், அந்த இடத்துக்கே உரிய தனித்த இடங்கள் எவை. பயணி ஊருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் இதே மூன்றைக் கேட்டால் இடைவெளி தெரியும். அதே ஆற்றங்கரையில் அந்த வாரத்து நீர்த்தர அளவீட்டை அருகில் வைத்தால் உன் 'உண்மை நிலை'யும் வந்துவிடும். நியூசிலாந்தில் வட்டார மன்றங்கள் ஆற்று நீர் அளவீடுகளைப் பொதுவெளியில் வைக்கின்றன என்பது பெரிய வசதி. மணலியில் காற்றுக்கு அந்த அளவுக்குக் கிடைத்தால் கோயில் கட்டுவேன்.

ராயபுரம் பூகோள வாத்தியார்:

அளவீடு பொதுவெளியில் இருந்தால் மட்டும் போதாது, எண்ணாளரே. 2017 பிப்ரவரியில் நியூசிலாந்து அரசு, 2040-க்குள் ஆறுகளிலும் ஏரிகளிலும் 90 விழுக்காடு நீந்தத் தக்கவையாகும் என்று இலக்கு வைத்தது. உடனே எழுந்த குற்றச்சாட்டு, 'நீந்தத் தக்க' என்பதன் வரையறையையே தளர்த்திவிட்டார்கள் என்பது. பரீட்சையில் பையன் தேறவில்லை என்றால் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கும் வித்தை எனக்குத் தெரியாததா என்ன. ஆகவே இந்தப் பெண் எண்ணை எடுக்கும்போது அந்த எண்ணின் வரையறை எந்த ஆண்டில் மாறியது என்பதையும் எடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டைத் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். விளம்பரச் சொற்றொடர் பிரதமரை மாட்டிவிட்டது என்பதை அவர் பிம்பத்தின் தோல்வியாகச் சொல்வதாக எனக்குப் படுகிறது. எனக்கு அது பிம்பத்தின் பயன். தூய்மை என்று உலகத்துக்குச் சொன்னதால்தான் அந்நாட்டு மக்களுக்கு அரசைப் பிடித்து உலுக்க ஒரு கயிறு கிடைத்தது. எண்ணூரைப் பற்றி யாரும் எந்த வாக்குறுதியும் தரவில்லை. அதனால் மீறப்பட்டது என்று காட்டவும் எதுவும் இல்லை. 2021-இல் நம் சென்னைக் கோவளத்துக்குத் தூய கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அங்கே நாளைக்குக் குப்பை சேர்ந்தால் செய்தியாகும். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் சேர்ந்தால் ஆகுமா?

காசிமேடு விசைப்படகு:

வாத்தியார் இப்படிச் சொன்ன பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கச்சி போகட்டும். ஆனால் திரும்பி வரட்டும் என்பதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

டனீடினில் ஒரு தண்டையார்பேட்டைக்காரன்:

வாத்தியார் ஐயாவின் மறுப்பை ஏற்கிறேன். நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையர் என்ற தனி அதிகாரியே சுற்றுலாவின் பாதிப்பைப் பற்றி 2019 டிசம்பரிலும் 2021 பிப்ரவரியிலும் கடுமையான அறிக்கைகள் தந்தார். நாட்டைவிட்டுப் புறப்படும் விமானப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து வரி விதிக்கலாம் என்றுகூட அதில் சொன்னார். வரி வரவில்லை. பயணிகளிடம் 2019 ஜூலையில் 35 டாலராகத் தொடங்கிய தீர்வை மட்டும் 2024 அக்டோபர் முதல் 100 நியூசிலாந்து டாலர் ஆகிவிட்டது.

எண்ணூர்த் தங்கை கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. இங்கே மனிதர்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தென்தீவின் பெரும்பகுதிக்கு உரிய மாவோரி இனக்குழுவான ங்காய் தாஹுவுடன் கலந்தாலோசிப்பதும் ஒடாகோவில் ஆய்வின் ஒரு படி. அதைச் சடங்காக நினைத்துவிடாதே. அவர்களே சுற்றுலா நிறுவனங்களை நடத்துகிறார்கள். அவர்களே 2020-இல் நன்னீர் நிர்வாக உரிமை கேட்டு அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கான்டர்பரியில் காடு இருந்த நிலத்தில் பால்பண்ணை வைத்தவர்களும் அவர்களே. நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டிகளோடு வந்தால் முதல் வாரமே பெட்டிகள் உடையும். வடதீவில் வாங்கனுயி ஆற்றுக்கு 2017 மார்ச்சில் சட்டப்படி ஓர் ஆளுக்குரிய தகுதி தந்தார்கள். அந்த ஆறு பேசுவதாக இருந்தால் அதன் பெயரால் பேச இருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றுக்கு அப்படி இருவர் இருந்திருந்தால் 2023 டிசம்பரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அன்று இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூர்க்காரி:

மணலி அண்ணன் சொன்ன மூன்று கேள்விகளில் முதலாவதை மட்டும் நேற்று மாலை எங்கள் ஏலக்கூடத்தில் பன்னிரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நியூசிலாந்து என்றதும் ஒன்பது பேருக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வந்தது. அதிலும் நான்கு பேர், சூப்பர் கிங்ஸ் பயிற்சியாளர் ஃபிளெமிங்கின் ஊர் என்றார்கள். இருவர் பால் பவுடர் என்றார்கள். ஒரு பாட்டி மட்டும், தெரியாது என்று சொல்லிவிட்டு, அங்கே கடல் உண்டா என்று திருப்பிக் கேட்டார். பனிமலையை யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்து ஊன்றிய பிம்பம் எங்கள் கரைவரை வரவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

கேள்வியையும் மாற்றி எழுதிவிட்டேன். ரீனாவையும் எண்ணூரையும் ஒப்பிடுவதை முன்னுரைக்குள் வைத்துவிட்டு, ஒரே ஓர் ஆற்றின் முகத்துவாரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே பயணிக்குக் காட்டப்படுவது எது, அங்கேயே பிழைப்பவர் காட்டாமல் விடுவது எது, வட்டார மன்றத்தின் அளவீடு சொல்வது எது என்று மூன்றையும் அருகருகே வைக்கலாம் என்று நினைக்கிறேன். வாத்தியார் ஐயா மூன்றில் ஒன்றை எடு என்றார். நான் இடத்தைச் சுருக்கி மூன்றையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். கடிதத்தின் படியைச் சனிக்கிழமை ராயபுரத்துக்கு எடுத்து வந்தால் திருத்தித் தருவீர்களா, ஐயா?

எந்த முகத்துவாரம் என்பதுதான் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, அந்த ஊர் முகத்துவாரத்தில் எங்களைப் போல் இறங்கி நின்று பிடிப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

டனீடினில் ஒரு தண்டையார்பேட்டைக்காரன்:

இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல். வசந்தத்தில், செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 30 வரை, ஆற்று வாய்களில் வலையோடு நின்று வைட்பெய்ட் பிடிப்பார்கள். கண்ணாடி போல உடல் தெரியும் மீன் குஞ்சு. நம் நெத்திலியைவிடச் சிறியது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் ஆறு வகை மீன்களின் குஞ்சுகள் அந்த ஒரே பெயருக்குள் வருகின்றன. அவற்றில் நான்கு வகைகள் அழிவு அபாயத்திலோ குறைந்து வரும் நிலையிலோ இருக்கின்றன. வடிகால் வெட்டிச் சதுப்பை மேய்ச்சல் நிலமாக்கியதால் முட்டையிடும் கரைப்புல் போனது ஒரு காரணம். மேற்குக் கரைக்குப் போகும் பயணி அதை முட்டையில் பொரித்த அடையாகத் தின்றுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார். நீ கேட்ட மூன்றும் அந்த ஒரு தட்டில் இருக்கிறது.

ராயபுரம் பூகோள வாத்தியார்:

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வா. சிவப்பு மை நான் வைத்திருக்கிறேன்.

எண்ணூர்க்காரி:

கட்டாயம் வருகிறேன், ஐயா. வைட்பெய்ட் பற்றி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்த வலையின் கண் எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொன்னார்.